உள்ளே ஆள் ஒன்று

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கே தார் வீதி இளகிக் கிடந்தது. கொக்குவிலில் இருந்து ஸ்கூட்டியில் வந்த தாரிகா ஹெல்மெட்டைக் கழற்றி, கழுத்து வியர்வையைத் துடைத்துக்கொண்டு ஐஸ் கொம்பனியை மேலும் கீழுமாகப் பார்த்தாள். ஒல்லாந்தர் காலத்துப் பண்டகசாலை அது. முருகைக்கல்லில் கட்டிய இரண்டு முழத் தடிப்புச் சுவர். சண்டைக் காலத்தில் கூரை போய், நெடுநாள் காகமும் வௌவாலும் ஆண்ட இடத்தைச் சோமசேகரம் முதலாளி வாங்கித் தகரம் போட்டு, நடுவே ஒரு குளிர் அறையைக் கட்டி, கரையில் இறங்கும் மீனை வைக்கும் இடமாக்கியிருந்தார். வெளியே வெயில் மண்டையைப் பிளக்கும். வாசற்படியைத் தாண்டினால் கணுக்கால் குளிரும். மீன் மணமும் துருவின் மணமும் ஈரச் சாக்கின் மணமும் ஒன்றாக வந்து மூக்கில் ஒட்டும்.

"வாங்கோ பிள்ளை," என்றான் லெனாட்.

லெனாட்டுக்கு ஐம்பத்திரண்டு வயது. இருபது வருடம் ஐஸ் கட்டி இழுத்த கை. விரல் நுனி பத்திலும் உணர்ச்சி செத்துவிட்டது. கொதிக்கும் கிளாஸைப் பிடித்தாலும் சூடு வந்து சேரக் கொஞ்சம் பிந்தும். இப்போது அவன் ஐஸ் இழுப்பதில்லை. மேசை அறையில் கதிரை போட்டு இருந்து திரையைப் பார்ப்பதுதான் வேலை. முப்பத்தாறு வயதில், இடம்பெயர்ந்து கிடந்த முகாமில், சின்னப் பிள்ளைகளோடு குந்தியிருந்து மண்ணில் விரலால் எழுதிப் பழகியவன். அந்த எழுத்துத்தான் அவனைக் கதிரையில் ஏற்றியது.

மேசைக்குக் கீழே கறுத்தப் பெட்டி ஒன்று சதா இரைந்துகொண்டிருக்கும். அதுதான் சேர்வர். குளிர் அறையில் எவ்வளவு குளிர், கதவு எத்தனை மணிக்குத் திறந்தது, எத்தனை மணிக்குப் பூட்டியது, உள்ளே எத்தனை பேர், எல்லாவற்றையும் சுவரில் பூட்டிய கண்கள் பார்த்து அதற்குச் சொல்லும். அது வரிவரியாக எழுதிவைக்கும். அந்த எழுத்துக்கு லொக் என்று பேர். போன மாதம் மீன் வாங்க வந்த வெளிநாட்டுக்காரர் ஒரு வருடத்து லொக்கைக் கேட்டார்கள். இல்லை என்றதும் எழும்பிப் போய்விட்டார்கள். அதனால்தான் தாரிகாவைக் கூப்பிட்டிருந்தார் முதலாளி.

முதலில் இதைப் பூட்டிக் கொடுத்தவன் யதுசன் என்றொரு பெடியன். அவன் கனடாவுக்குப் போய்விட்டான். அவன் சொல்லிக் கொடுத்ததைத் தாரிகா கேட்க, லெனாட் ஒப்புவித்தான். சிவப்பில் எழுதினால் மணி அடிக்கும், உடனே முதலாளிக்குப் போன் அடிக்க வேண்டும். மஞ்சளில் எழுதினால் பார்த்துவிட்டு விடலாம். வெள்ளையைப் பார்க்கவே தேவையில்லை. ஏழு நாள் எழுத்து இருக்கும். எட்டாம் நாள் பழையதை அதுவே தின்றுவிடும்.

"ஏழு நாளோ?" தாரிகா தலையில் கைவைத்தாள். "ஒரு பிரச்சினை எண்டால் திரும்பிப் பாக்க ஒண்டும் மிஞ்சாதே அண்ணை."

"ஓம். மிஞ்சாது."

அவள் வேலையில் இறங்கினாள். எல்லாவற்றையும் எழுத வைத்தாள். நானூறு நாள் அழியாதபடி வைத்தாள். பூட்டிய கதவுக்குப் பின்னால் ஆள் நின்றால் அது சிவப்பு என்று மாற்றி, பழைய மஞ்சள் விதியை அழித்தாள். கொக்குவிலில் இருக்கும் தன் கொம்பியூட்டர் நிமிடத்துக்கு ஒரு தரம் இந்தப் பெட்டியை உயிரோடு இருக்கிறாயா என்று கேட்கும், இருக்கிறேன் என்று இது பதில் சொல்லாவிட்டால் தனக்குத் தெரிந்துவிடும் என்று லெனாட்டுக்கு விளக்கினாள். வரிகள் அவனுடைய போனுக்கும் வர வழி செய்தாள். கதவு திறந்திருக்கும் நேரம் மேசையில் ஆள் இருக்க வேண்டும் என்று வெளிநாட்டுக்காரர் சொன்னதால், மேசை அறை மூலையிலும் புதிதாக ஒரு கண்ணைப் பூட்டினாள். திரையில் "மேசை அறை, ஆள்: 2" என்று வந்தது. அவள் வெளியே போய் நின்றாள். "1" என்றது. திரும்பி வந்தாள். "2" என்றது.

"இனி நித்திரை கொள்ளேலாது அண்ணை," என்று சிரித்தாள்.

அவனும் சிரித்துவைத்தான். அவள் திரையை உற்றுப் பார்த்தாள்.

"உள்ளுக்கை ஆர் நிக்கினம்?"

"ஒருத்தரும் இல்லைப் பிள்ளை. பெடியள் எல்லாரும் கரைக்குப் போட்டாங்கள்."

அவள் விரலால் காட்டினாள். குளிர் அறை, உள்ளே ஆள்: 1.

கதவைத் திறந்து பார்த்தார்கள். புகைபோலக் குளிர் காலில் வழிந்தது. மீன் பெட்டிகளும் ஐஸ் கட்டிகளும் தவிர உள்ளே ஒன்றும் இல்லை. தாரிகா காரணம் கண்டுபிடித்துவிட்டாள். வாசல் நிலையில், நெஞ்சு உயரத்தில் இருக்கிற கண் போனவரையும் வந்தவரையும் எண்ணுகிறது. எப்போதோ ஒருவர் போனதைப் பிடித்த கண், வந்ததைப் பிடிக்கவில்லை. குனிந்து வந்திருப்பார். அவ்வளவுதான்.

லெனாட் கதவடியைப் பார்த்தான். அவனுக்குத் தெரியும். கூட வேலை செய்த கொலின்ஸ் போன வருடம் நிமிர்ந்து நடந்துதான் உள்ளே போனான். வெளியே வரும்போது நான்கு பேர் பலகையில் கிடத்தித் தூக்கி வந்தார்கள், நெஞ்சு உயரத்துக்குக் கீழே.

அவள் கணக்கைப் பூச்சியம் ஆக்கினாள். வயர்களைச் சுற்றிப் பையில் வைத்தாள். பதினொன்று நாற்பதுக்கு, கதவு இரும்புத் திறாங்கால் பூட்டியபடி இருக்க, திரையில் ஒரு வரி ஏறியது.

உள்ளே ஆள்: 1.

அதற்கு முன்னால் கதவு திறந்த வரி இல்லை. குளிர் அரைப் பாகை குறைந்திருந்தது. "ஆள் உள்ளை நிண்டு மூச்சு விட்டால் இப்பிடித்தான் குறையும்," என்று பகிடியாகச் சொல்ல வந்தவள் பாதியில் நிறுத்தினாள்.

டொக்.

டொக்.

டொக்.

"ஐஸ் வெடிக்குது," என்றான் லெனாட்.

"ஐஸ் எண்ணி எண்ணி வெடிக்குமோ அண்ணை?"

கண்ணுக்குள் ஈரம் இறங்கியிருக்கும், வேறு கண் கொண்டு வந்து பூட்டுகிறேன் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு அவள் போனாள். ஹெல்மெட்டை மாட்டாமலே ஸ்கூட்டியை எடுத்தாள்.

அந்த மூன்று தட்டு, ஐஸ் வேலைக்காரரின் தட்டு. குளிர் அறையைப் பூட்டுகிறவன் முதலில் இரும்புக் கொழுக்கியால் கதவில் மூன்று தரம் தட்டுவான். "உள்ளுக்கை ஆர்?" என்று மூன்று தரம் கூப்பிடுவான். பிறகு, வாய்க்குள் ஒரு மங்கள வார்த்தை செபம் சொல்லி முடிகிற நேரம் காது கொடுத்து நிற்பான். சத்தம் இல்லாவிட்டால்தான் திறாங்கைத் தள்ளுவான். ஆர் தொடக்கிய வழக்கமோ தெரியாது, ஆனால் ஒருநாளும் தவறியதில்லை. கண்கள் வந்த பிறகு முதலாளி அதை நிறுத்தச் சொன்னார். வாங்க வருகிறவர்களுக்கு முன்னால் பேய்க்குக் கூப்பிடுகிற மாதிரி என்ன கூத்து, மிசின்தான் எண்ணுகிறதே என்றார்.

அன்றைக்குக் கொலின்ஸ் சொன்ன கதை லெனாட்டுக்கு இன்னும் காதில் இருக்கிறது. "இனி எங்களை ஆரும் கூப்பிடாயினம் அண்ணை. எண்ணுவினம்."

கொலின்ஸ் முப்பத்தைந்து வயதுக்காரன், வாய் ஓயாதவன். மேசை அறையில் கிடக்கும் நீள மர வாங்கின் கடைசியில் இருந்து வெறும் தேத்தண்ணீர் குடிப்பான். பனங்கட்டித் துண்டில் பாதியைக் கடித்து, மற்றப் பாதியைப் பிறகுக்கு என்று வாங்கின் ஓரத்தில் வைப்பான். பிறகு மறந்துவிடுவான். எறும்பு மொய்க்கும். லெனாட் ஏசுவான். எறும்பும் எங்களைப் போலத்தானே அண்ணை, கூலிக்காரர் என்பான் அவன்.

போன வருடம் கோயில் பெருநாளுக்கு முதல்நாள் சனிக்கிழமை. வேலை மத்தியானத்தோடு முடிந்தது. பன்னிரண்டு ஐம்பதுக்கு லெனாட் திறாங்கைத் தள்ளினான். தட்டவில்லை. கூப்பிடவில்லை. மேசைக்கு வந்தான். மஞ்சளில் ஒரு வரி வந்தது. எழுத்துக் கூட்டி வாசித்தான். உள்ளே ஆள், ஒன்று. அசைவு, உண்டு.

விளங்காமல் விட்டான் என்று சொல்ல ஏலாது. விளங்கியது.

முந்தி அது சிவப்பில்தான் வந்தது. ஐஸ் புகையை ஆள் என்று நினைத்து நாளைக்கு ஏழு தரம் மணி அடித்ததால், முதலாளி சொல்லி யதுசன் அதை மஞ்சள் ஆக்கியிருந்தான். புகையாக இருக்கும் என்று லெனாட் நினைத்தான். மஞ்சள்தானே. கதவு ஐந்து எட்டுத் தூரத்தில்தான் இருந்தது. குளித்து, உடுப்பு மாற்றி, பின்னேரக் கோயிலுக்குப் போக வேண்டும் என்ற நினைப்பும் இருந்தது. கழற்றிப் போட்டிருந்த சேட்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டான்.

கொலின்ஸ் வீட்டுக்கு வராததை அவன் பெண்சாதி யோசப்பின் தேடவில்லை. பெருநாளுக்குக் குடித்துவிட்டு எங்கேயோ விழுந்து கிடக்கிறான் என்று இருந்துவிட்டாள். திங்கட்கிழமை விடிய லெனாட்தான் முதலில் வந்தான். கதவுக்குப் போக முதல் திரையைப் பார்த்தான். பத்து நிமிடத்துக்கு ஒரு மஞ்சள் வரி. சனி பன்னிரண்டு ஐம்பதில் தொடங்கி, ஞாயிறு காலை ஒன்பது நாற்பது வரைக்கும், அசைவு உண்டு, அசைவு உண்டு, அசைவு உண்டு. அதற்குப் பிறகு, அசைவு இல்லை. விரலை வைத்து வாசித்தான். நூற்று இருபத்தாறு வரி. அவன் தன் வாழ்நாளில் வாசித்ததில் ஆக நீளமானது அதுதான்.

கதவைத் திறக்கக் கொலின்ஸ் கதவடியில் இருந்தான். சாக்குகளை உடம்பில் சுற்றியிருந்தான். உட்பக்கக் கைபிடி ஐஸ் பிடித்து இறுகிக் கிடந்தது. அவனுடைய விரல் முட்டிகளில் தோல் இல்லை.

அவன் பையில் ஒரு அரைப் போத்தில் சாராயம் இருந்தது. மூடி உடைக்காதது. லெனாட் அதைக் கண்ணால் கண்டான். குடிகாரன், வெயிலுக்குக் குளிரில் படுக்கப் போயிருக்கிறான் என்று முதலாளி சொன்னார். ஊர் அதையே சொன்னது. விசாரணைக்காரரும் செத்தவனுடைய கவனக்குறைவால் என்று எழுதினார்கள். மிசின் என்ன சொன்னது என்று கேட்டார்கள். சிவப்பு ஒன்றும் இல்லை என்றார் முதலாளி. மஞ்சளை ஒருவரும் கேட்கவில்லை. எட்டாம் நாள், கொலின்ஸ் வீட்டில் செபம் நடந்துகொண்டிருக்க, லெனாட் திரைக்கு முன்னால் இருந்து அந்த வரிகளைப் பெட்டி ஒவ்வொன்றாகத் தின்பதைப் பார்த்தான். அடுத்தநாள் காலையில் ஒன்றும் மிஞ்சவில்லை. விரலில் எப்படியோ, அப்படியே நெஞ்சிலும் ஒன்றும் தெரியவில்லை.

யோசப்பின் அதற்குப் பிறகு கோயிலுக்குப் போவதில்லை. குடித்துச் செத்தவனின் பெண்சாதி என்று பெண்கள் விலகி இருந்தார்கள்.

இப்போது திரும்பவும் பெருநாள் வந்துவிட்டது. தாரிகா வந்து போன மறுநாள் சனிக்கிழமை, பெடியள் கலைந்து போனார்கள். லெனாட் கொழுக்கியை எடுத்தான். ஒரு வருடத்துக்குப் பிறகு மூன்று தரம் தட்டினான். மூன்று தரம் கூப்பிட்டான். செபம் சொல்லி முடிகிற நேரம் நின்றான். சத்தம் இல்லை. திறாங்கைத் தள்ளிவிட்டு மணியைப் பார்த்தான். வேண்டுமென்று செய்யவில்லை, ஆனால் பன்னிரண்டு ஐம்பதாகத்தான் இருந்தது.

போன் அதிர்ந்தது.

உள்ளே ஆள்: 1. அசைவு உண்டு.

எழுத்து மஞ்சள்.

திறாங்கை இழுத்தான். புகை வழிந்தது. ஒருவரும் இல்லை. உள்ளே கால் வைத்தான். ஐஸ் கட்டிகளுக்கு இடையால் கடைசிச் சுவர் வரைக்கும் போனான். வெளியே வெயிலில் காகம் கத்துவது ஏதோ வேறு ஊரில் கத்துவது போல இருந்தது. கையில் போன் திரும்ப அதிர்ந்தது.

உள்ளே ஆள்: 2.

அவன் அசையவில்லை. யாரோ சாக்கை இழுத்துப் போர்த்துகிற மாதிரி, மிக மெல்ல, ஒரு உரசல் கேட்டது. கதவடியில்.

பின்னாலே பார்க்காமல், ஓடாமல், நடந்தே வெளியே வந்தான். 1 என்றது. கதவை விரியத் திறந்து ஒதுங்கி நின்றான்.

"வா கொலின்ஸ்," என்று குசுகுசுத்தான். "திறந்துதான் கிடக்கு. வா."

ஐஸ் உருகித் தண்ணீர் வாசலால் ஓடும் வரைக்கும் நின்றான். 1 மாறவில்லை.

தாரிகாவுக்கு அடித்தான். அவள் சொன்னதைக் கேட்டுக் கதிரையில் இருந்தான்.

"நான் அந்தப் பெட்டியை நிப்பாட்டி வைச்சிருக்கிறன் அண்ணை. இண்டைக்குப் பத்தரைக்கே நிப்பாட்டினது. திங்கட்கிழமைதான் திருப்பித் தொடங்குவன். இப்ப ஒண்டும் எழுதேலாது."

"எழுதுது பிள்ளை."

"என்ன நிறத்திலை?"

"மஞ்சள்."

"அந்த விதியை நான் அழிச்சிட்டன்," என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "அண்ணை, நீங்கள் உதுக்குள்ளை இருக்கவேண்டாம். வெளியிலை வாங்கோ."

அவன் கதவைப் பூட்டிவிட்டு வீட்டுக்குப் போனான். போன் கூடவே வந்தது. பத்து நிமிடத்துக்கு ஒரு தரம் சேட்டுப் பைக்குள் அதிர்ந்தது. வரிகள் எங்கே போய் முடியும் என்று அவனுக்கு மனப்பாடம். நாளைக்குக் காலை ஒன்பது நாற்பது. அதற்குப் பிறகு வரப்போகும் வரியையும் தெரியும். அந்த வரியை இரண்டாம் தரம் வாசிக்கத் தன்னால் ஏலாது என்றுதான் முதலில் நினைத்தான். பிறகு, கொலின்ஸ் உள்ளே இரண்டாம் தரமும் தனியச் சாகப்போகிறான் என்று நினைத்தான். கதவைத் திறந்தால் வராதவன் எதற்கு வருவான்?

இரவு முழுக்க ஒவ்வொரு வரியையும் எழுத்துக் கூட்டி வாசித்தான். ஒன்றையும் விடவில்லை.

ஞாயிறு ஒன்பது மணிக்குக் கொலின்ஸ் வீட்டு ஒழுங்கையில் ஆள் அரவம் இல்லை. ஊர் முழுக்கக் கோயிலில். ஒலிபெருக்கியில் பெருநாள் பூசைப் பாட்டு வந்துகொண்டிருந்தது. யோசப்பின் கிணற்றடியில் உடுப்புத் தோய்த்துக்கொண்டிருந்தாள். அவனைக் கண்டு நிமிர்ந்தாள்.

"என்ன அண்ணை, பூசைக்குப் போகேல்லையோ?"

அவன் கிணற்றுக் கட்டில் இருந்து சொன்னான். ஒன்றையும் கூட்டவில்லை, குறைக்கவில்லை. தட்டாமல் பூட்டியது, மஞ்சளில் வந்தது, விளங்கியது, விட்டுப் போனது, மூடி உடைக்காத போத்தில், எட்டாம் நாள் அழிந்தது. அவள் கையில் இருந்த சாறத்தைப் பிழிந்தபடியே நின்றாள். தண்ணீர் வடிந்து முடிந்த பிறகும் பிழிந்துகொண்டிருந்தாள்.

"எவ்வளவு நேரம் இருந்தவர்?"

"ஞாயிறு ஒன்பது நாப்பது மட்டும்."

அவள் கோயில் பக்கம் பார்த்தாள். "அந்த நேரம் நான் பூசையிலை. நடுப்பூசையிலை முழந்தாளிலை நிண்டு, ஆண்டவரே உந்தக் குடிகாரனை எங்கையாவது கொண்டுபோய்த் துலை எண்டு மன்றாடினனான்."

அவள் அழவில்லை. சாறத்தைக் கொடியில் போட்டு, நுனியை இழுத்து, சுருக்கத்தை எடுத்தாள்.

"எனக்குச் சொல்லி என்ன அண்ணை. அவரைக் குடிகாரன் எண்டு முதல் சொன்னது முதலாளியின்ரை வாய். அங்கை போய்ச் சொல்லுங்கோ. பிறகு கோயிலிலை சொல்லுங்கோ."

"ஓம்."

"நாளைக்கே."

"ஓம், நாளைக்கே."

கோயில் மணி அடித்தது. போன் அதிர்ந்தது. அந்தக் கடைசி வரியாக இருக்கும் என்று அவனால் பார்க்க முடியவில்லை. அவளிடம் நீட்டினான். ஈரக் கையோடு வாங்கி அவள் வாசித்தாள். அவனைப் போல எழுத்துக் கூட்ட அவளுக்குத் தேவையில்லை.

"உள்ளே ஆள், பூச்சியம்," என்றாள்.

"அசைவு?"

"ஒண்டும் போடேல்லை. பூச்சியம் எண்டு மட்டும்தான் கிடக்கு."

அதோடு போன் அடங்கியது.

திங்கட்கிழமை விடிய லெனாட் கொம்பனிக்கு வந்தான். ஏழு மணிக்குத் தாரிகா அடித்தாள். தொடங்கிவிட்டேன், எல்லாம் சரியாக எழுதுகிறது, பெட்டியும் இருக்கிறேன் என்று ஒழுங்காகப் பதில் சொல்கிறது என்றாள். சனிக்கிழமை வந்த வரி ஒன்றுகூடப் பெட்டிக்குள் இல்லையாம். இரவு நித்திரை கொள்ளாத குரல் அவளுக்கு. குளிர் அறை, உள்ளே ஆள்: 0. அவன் பார்த்துக்கொண்டான். மண்ணெண்ணெய் அடுப்பில் தண்ணீர் வைத்துத் தேத்தண்ணீர் ஊற்றினான்.

கிளாஸைப் பிடித்தபடி இருக்க, நினைப்பு ஒன்று மெல்ல வந்தது. யோசப்பினுக்குச் சொல்லியாயிற்று. கொலின்ஸ் வெளியே வந்தாயிற்று. இனி முதலாளிக்குச் சொல்லி என்ன வரப்போகிறது? இந்தக் கதிரையும் போகும். இந்தக் கையோடு திரும்ப ஐஸ் இழுக்கவும் ஏலாது. அவளும் ஆறிவிடுவாள். வெளிநாட்டுக்காரர் வரட்டும், பெருநாள் சந்தடி அடங்கட்டும், பிறகு பார்க்கலாம். பிறகு.

திரையில் ஒரு வரி ஏறியது.

மேசை அறை, ஆள்: 2.

அவன் நிமிர்ந்தான். அறையில் அவன் மட்டும்தான். யன்னலால் வந்த வெயில் மேசையில் விழுந்து கிடந்தது. வாங்கு வெறுமையாக இருந்தது.

வாங்கின் கடைசிப் பலகை, ஆள் குந்தும்போது முனகுகிற பலகை, ஒருதரம் முனகியது.

லெனாட் கதிரையைத் திருப்பவில்லை. முதுகில் வெயில் பட்டுக்கொண்டிருந்தது. வலது தோள் மட்டும் குளிர்ந்தது.

எட்டு மணிக்கு முதலாளியின் வான் வந்து நின்றது. சோமசேகரம் வழக்கம்போலப் போனில் கதைத்தபடி வந்து, கதைத்து முடித்து, திரையைப் பார்த்தார்.

"என்னடாப்பா, மூண்டு எண்டு காட்டுது? நானும் நீயும் ரெண்டு பேர்தானே?"

"மூண்டுதான் முதலாளி," என்றான் லெனாட். "இருங்கோ. ஒரு கதை சொல்லவேணும்."

அவர் வாங்கில் இருக்கப் போனார். இருந்த கையோடு எழும்பினார். பலகையைத் தடவிப் பார்த்து, ஐஸை இதிலேயா வைத்தாய் என்று கேட்டார். நின்றபடியே மிச்சத்தைக் கேட்டார். லெனாட் நேற்றுச் சொன்ன மாதிரியே சொன்னான். கூட்டவில்லை, குறைக்கவில்லை. மஞ்சள் ஆக்கச் சொன்னது ஆர் என்பதையும், போத்தில் மூடி உடைக்கவில்லை என்பதையும் விடவில்லை. முதலாளியின் முகம் முதலில் சிவந்தது, பிறகு வெளிறியது.

"ஒருத்தரும் கேக்காததை இப்ப ஏனடா சொல்லுறாய்?"

"கேட்டது முதலாளி. மூண்டு தரம் தட்டிக் கேட்டது."

அவர் பிறகு கத்தினார். வெளிநாட்டுக்காரர் காதில் விழுந்தால் எல்லாம் போச்சு என்றார். உனக்கு எழுத்துத் தெரியும் என்று கதிரை கொடுத்தேனே என்றார். நாளைக்கு இந்தப் பக்கம் வராதே என்றார். லெனாட் ஓம் என்றான். இன்றைக்குப் பின்னேரம் பங்குச் சுவாமியிடமும் சொல்லப்போகிறேன் என்றான். முதலாளி திரையை ஒருதரம் பார்த்தார். வாங்கை ஒருதரம் பார்த்தார். பிறகு வெளியே போய் வானில் ஏறினார். வான் உடனே போகவில்லை. கனநேரம் கதவைச் சாத்தியபடி வெயிலில் நின்றது.

லெனாட் கதவுகளின் திறப்புக்கோர்வையைக் கழற்றி மேசையில் வைத்தான். கொழுக்கியை அதன் ஆணியில் மாட்டினான். சேட்டை எடுத்துத் தோளில் போட்டான். வாசலடியில் நின்று, பழக்கதோசத்தில் திரையைத் திரும்பிப் பார்த்தான். முதலாளி வெளியே. அவனும் வாசற்படிக்கு வெளியே.

மேசை அறை, ஆள்: 1.

தேத்தண்ணீர்க் கிளாஸைக் கழுவி வைக்காமல் போகக்கூடாது என்று திரும்ப உள்ளே வந்தான். அப்போதுதான் வாங்கைப் பார்த்தான். அவனுக்குச் சீனி வருத்தம் வந்து எட்டு மாதம். அந்த அறைக்குள் இனிப்பு என்று ஒன்றும் வருவதில்லை.

வாங்கின் ஓரத்தில் பனங்கட்டித் துண்டு ஒன்று இருந்தது. பாதி கடித்தது. பல் பட்ட இடத்தில் வெள்ளையாக உறைபனி பிடித்திருந்தது. எறும்பு ஒன்று கிட்டப் போய், நின்று, திரும்பிப் போனது.